வழிநடையும் வண்ணமும்: சிங்கப்பூர் நிலக்காட்சி ஓவியம்

சிங்கப்பூரின் நிலத்தையும் கடலையும் முதலில் காகிதத்தில் இறக்கியவர்கள் கப்பலேறி வந்தவர்கள். அவர்களில் பலருக்கு ஓவியம் பிழைப்பு இல்லை. நில அளவையாளர், வணிக நிறுவன ஊழியர், கடற்படை அதிகாரி என்று வெவ்வேறு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். புகைப்படம் பரவாத காலத்தில் வரையத் தெரிவது அந்த வேலைகளுக்கே ஒரு தகுதி. எந்தக் குன்றை அடையாளமாக வைத்துத் துறைமுகத்துக்குள் திரும்பலாம் என்பதை மாலுமிகள் கோட்டுச்சித்திரமாகவே குறித்துவைத்தனர். 1840களில் இங்கே வணிக நிறுவனத்தில் இருந்த சார்ல்ஸ் டைஸ் ஓய்வு நேரத்தில் ஆற்றங்கரையையும் குன்றுகளையும் தீட்டினார். செடிகொடிகளையும் உயிரினங்களையும் வரையச் செய்தவர் வில்லியம் ஃபார்குவார். மலாக்காவில் அவர் பொறுப்பில் இருந்தபோது பெயர் பதிவாகாத சீன ஓவியர்கள் தீட்டிய 477 படங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. இயற்கையை உற்றுப் பார்த்து வரையும் பழக்கத்துக்கு இந்த வட்டாரத்தில் அவை நல்ல தொடக்கம்.

இந்தப் பயணிகளில் முக்கியமானவர் ஜான் டர்ன்புல் தாம்சன். 1841இல் அரசு நில அளவையாளராகப் பொறுப்பேற்று 1853 வரை இருந்தார். தாம்சன் ரோடு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெட்ரா பிராங்கா பாறைமேல் 1851இல் விளக்கேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் அவரே, அதைத் தீட்டியவரும் அவரே. அதே 1851இல் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த எஸ்பிளனேட் காட்சியில் ஒரு மாலைப் பொழுதின் பாடாங் திடல் தெரிகிறது. இந்தியர், மலாய்க்காரர், சீனர், ஐரோப்பியர் எனப் பலரும் அவரவர் உடையில் உலவுகிறார்கள். பின்னால் பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். கோணமும் தொலைவும் பிசகாமல் இருப்பது அளவையாளரின் கை. அந்தப் படத்தை ஆவணமாக மதிக்கும் அளவுக்கு ஓவியமாக மதிக்க முடியாது என்று சொல்வோர் உண்டு. அது சற்றுக் கடுமையான தீர்ப்பு. வெயில் தணிந்த நேரத்தின் நீண்ட நிழலைப் பிடித்த கண் வெறும் அளவுகோலின் கண்ணாக இருக்க முடியாது.

பயணம் செய்தவர் எல்லாரும் புதிதாகப் பார்த்தார்கள் என்பதற்கில்லை. 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரிவரை சென்ற ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டானியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் மாமல்லபுரத்தையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். 1795க்கும் 1808க்கும் இடையே லண்டனில் வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ என்ற 144 அச்சுப்படத் தொகுப்பில் அவை உள்ளன. இருட்டுப்பெட்டி என்னும் கருவியின் துணையோடு உருவங்களைத் துல்லியமாக எடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒரு பக்கம் கருத்த மரம், நடுவில் வெளிச்சத் திட்டு, தொலைவில் வெளிறிய மலை என்ற அமைப்பு படத்துக்குப் படம் தொடர்கிறது. அது இங்கிலாந்தில் கற்ற பாடம். தாமிரபரணியின் பாறையும் வேறோர் ஆற்றின் பாறையும் ஒரே மங்கலான மஞ்சள் ஒளியில் மிதக்கின்றன. கால் ஆயிரம் மைல் நடந்தாலும் கை பிறந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பயணத்துக்கும் நிலக்காட்சிக்கும் உள்ள உறவைத் தமிழர் சொல்லில் வெகுமுன்பே கண்டிருந்தனர். ஆற்றுப்படை நூல்கள் அந்த உறவால் பிறந்தவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான்; வழி சொல்வதென்றால் நிலத்தைச் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நெய்தலும் வேலூரை அடுத்த முல்லையும் ஆமூரின் மருதமும் நடக்கிற வரிசையில் வருகின்றன. மலைபடுகடாம் மலையின் ஒலிகளைக்கூடத் தொகுத்துத் தருகிறது. வண்ணத்தில் அப்படி ஒரு வளர்ச்சி நேரவில்லை. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. மீனும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் துறவிகளும் அதில் இருக்கின்றனர். சமணக் கருத்தொன்றைச் சொல்ல வந்த குளம் அது. நிலத்தை நிலத்துக்காகவே தீட்டும் வழக்கம் தமிழகத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பின்னாளில் வந்தது.

எதிர்த்திசையில் போன பயணங்களும் உண்டு. ஜாவாவில் பிறந்த ராடன் சாலே 1829இல் ஐரோப்பா சென்று இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். 1849இல் அவர் தீட்டிய ‘காட்டுத்தீ’ சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் ஒரு சுவரையே நிறைத்திருக்கிறது. மூன்று மீட்டர் உயரம், ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம். தீக்கு அஞ்சிய விலங்குகள் மலை விளிம்புக்கு ஓடிவருகின்றன. ஆசிய வனவிலங்குகளை ஆசியர் ஒருவர் ஐரோப்பியக் கூடத்தில் அமர்ந்து, ஐரோப்பிய அரசருக்காக, ஐரோப்பியப் புயலொளியில் தீட்டிய படம். அதில் எது சொந்த ஊர், எது கற்ற ஊர் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

சிங்கப்பூரில் கற்ற பாடம் முதலில் மோதுவது வெளிச்சத்தோடு. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மேல் இருக்கும் ஊர் இது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. மரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டுகிடக்கும். கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் அந்த உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் ஒரு மணி வாக்கில் வருகிறது. அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்து இருண்டுவிடும். ஐரோப்பிய நிலக்காட்சி பெரிதும் நம்பியிருப்பது பக்கவாட்டில் சாயும் வெயிலையும் நெடுநேரம் நீளும் அந்தியையும். சாய்வெயில் இங்கே காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரமே கிடைக்கும், நீண்ட அந்தி கிடைக்கவே கிடைக்காது. ஆகவே வெளியில் அமர்ந்து தீட்டுபவர்கள் காலை பத்து மணிக்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள், இல்லையேல் நான்கு மணிக்குமேல் தொடங்குவார்கள்.

அடுத்தது பச்சை. இலையுதிர் காலம் இல்லாத ஊரில் ஆண்டு முழுதும் பச்சை. ஆனால் ஒரே பச்சை இல்லை. மழைமரத்தின் பச்சை, வாழையின் பச்சை, அத்தாப்புப் பனையின் பச்சை என்று அடுக்கடுக்காக நிற்கும்போது குழாயிலிருந்து பிதுக்கிய பச்சை செத்துத் தெரியும். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து ஒவ்வொன்றையும் தனியாக உண்டாக்க வேண்டும். நடுவே ஒரு செம்மண் திட்டோ ஓட்டுக்கூரையோ வைக்காவிட்டால் படம் மூச்சுமுட்டும். காற்றின் ஈரம் இன்னொரு சிக்கல். நீர்வண்ணத்தின் முதல் பூச்சு காய மறுக்கும். ஈரத்தின்மேல் ஈரம் வைத்து வண்ணத்தைக் கரையவிடும் முறை இங்கே தானாகவே கைவருகிறது. கூர்மையான விளிம்பு வேண்டுமென்றால்தான் காத்திருக்க வேண்டும்.

சீன மைத்தூரிகை மரபோடு வந்தவர்களுக்கு வேறொரு சங்கடம். மலையும் நீரும் அந்த மரபின் உயிர். ஆயிரம் ஆண்டுகளாக முகில் சூழ்ந்த சிகரங்களையும் பைன் மரங்களையும் தீட்டிப் பழகிய கை அது. சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமா 164 மீட்டர்தான். அதை முகில் சூழ்வதற்குள் பகல் வெயில் விரட்டிவிடும். இருந்தும் பழைய படங்களைப் பார்த்து நகலெடுத்துச் சீன மலைகளையே இங்கிருந்து வரைந்துகொண்டிருந்தவர்கள் குறைவில்லை. சென் சோங் சுவீ அதே மையும் அதே தூரிகையும் கொண்டு தென்னையையும் அத்தாப்புக் குடிசைகளையும் கரையேற்றிய மீன்பிடிப் படகுகளையும் தீட்டினார். பைன் ஊசிக்குப் பழகிய தூரிகை வீச்சு தென்னங்கீற்றுக்குப் பொருந்தாது. வீச்சையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1938இல் லிம் ஹாக் தாய் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் இந்தத் தேடலுக்கு நிலையான இடம் கொடுத்தது. நன்யாங் எனப்படும் தென்கடல் வட்டாரத்தின் இயல்பு ஓவியத்தில் வர வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்கு வைத்த கோரிக்கை. அதே காலத்தில் சீனாவின் பெரும் ஓவியர் ஷூ பெய்ஹோங் போர் நிவாரண நிதிக்காகச் சிங்கப்பூரில் காட்சிகள் நடத்தினார். இங்கிருந்து தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் போனார். 1940இல் டார்ஜிலிங்கில் இமயத்தைப் பார்த்துத் தீட்டினார். மலையை வெட்டி அகற்ற முனையும் கிழவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற படமும் அவ்வாண்டு இந்தியாவில் உருவானதே. சீனக் கதையின் தொழிலாளர்களுக்கு அதில் இந்திய ஆண்களின் உடற்கட்டு அமைந்திருப்பது இந்தப் பயணத்தின் விளைவு.

சிங்கப்பூர் ஓவிய வரலாறு பெரிதாகப் பேசும் பயணம் 1952இல் நடந்தது. சென் வென் ஷி, சென் சோங் சுவீ, லியூ காங், சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஏறக்குறைய ஏழு வாரம் ஜாவாவிலும் பாலியிலும் சுற்றினார்கள். சீனாவில் ஓவியம் பயின்று இங்கே குடியேறிய அவர்களில் மூத்தவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார், இளையவர் முப்பதுகளின் நடுவில். லியூ காங் பாரிசிலும் பயின்றவர். தாகித்திக்குப் போன கொகேனின் முன்னுதாரணம் அவருக்கு நன்கு தெரியும். பெல்ஜிய ஓவியர் லெ மேயர் 1930களிலேயே தம் பாலி ஓவியங்களைச் சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்திருந்தார். ஆகவே பாலி அவர்களுக்குக் கேள்விப்படாத இடமாக இருக்கவில்லை.

அங்கே அவர்கள் நிறைய வரைந்தார்கள். லியூ காங் ஏராளமான புகைப்படங்களும் எடுத்தார். ஆனால் பெயர்பெற்ற படங்கள் பெரும்பாலும் ஊர் திரும்பியபின் கூடத்தில் உருவானவை. ‘பாலியிலிருந்து ஓவியங்கள்’ என்ற காட்சி 1953இல்தான் பிரிட்டிஷ் கவுன்சிலில் நடந்தது. லியூ காங்கின் ‘ஓவியரும் மாதிரியும்’ 1954ஆம் ஆண்டுப் படம். பாலிப் பெண் ஒருத்தியைச் சென் வென் ஷி வரைந்துகொண்டிருப்பது அதன் காட்சி. இந்த இடைவெளி முக்கியமானது. கையேட்டில் இருந்த கோடு கித்தானுக்கு வரும்போது மாறியது. லியூ காங்கின் உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றியது. பாத்தேக் துணியில் மெழுகு விட்டுச்செல்லும் தடத்தை அது நினைவூட்டுகிறது. சியோங் சூ பியெங்கின் பெண்கள் நீண்ட கையும் மெலிந்த கழுத்துமாக ஆனார்கள். நிழற்கூத்துப் பாவைகளின் சாயல் அவர்களிடம் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இத்தகைய கோடுகளை அவர்கள் ஷாங்காயில் கற்றிருக்கவில்லை. பயணம் ஓவியருக்குத் தரும் பெரிய கொடை இதுவே: பழகிய முறை செல்லுபடியாகாத ஓர் இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அந்த நால்வரில் இருவரின் பிற்காலப் படங்களைச் சிங்கப்பூரர் பலர் பையில் வைத்துக்கொண்டே நடக்கிறார்கள். 1999இல் வெளிவந்த வரிசையின் ஐம்பது வெள்ளி நோட்டின் பின்புறத்தில் சியோங் சூ பியெங்கின் ‘உப்புக்கண்ட மீன் உலர்த்தல்’ இருக்கிறது, 1978இல் தீட்டியது. பக்கத்தில் சென் வென் ஷியின் கிப்பன் குரங்குகள். பழைய சீன ஓவியங்களின் வழியாகக் கிப்பனை அறிந்த சென் வென் ஷி பின்னர் வீட்டிலேயே அவற்றை வளர்த்து, தாவுவதையும் தொங்குவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவருக்குப் பாலிப் பயணம் ஒரு பள்ளிக்கூடம் என்றால் கொல்லைப்புறம் இன்னொன்று.

பாலிப் படங்களின்மேல் நியாயமான குறையும் உண்டு. 1952இல் பாலி கன்னி நிலமாக இருக்கவில்லை. டச்சுக்காரர் காலத்திலேயே அது சுற்றுலாத் தீவு. வால்டர் ஸ்பீஸ் போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் 1920களின் இறுதியிலிருந்தே அங்கே வாழ்ந்து அதற்கு ஒரு பொன்னிற முகம் தந்திருந்தனர். வேலைநிறுத்தமும் மாணவர் போராட்டமும் கொதித்த 1950களின் சிங்கப்பூரில் தென்னந்தோப்பும் தயிர்ப்பானை நிறத்துத் தோளும் தீட்டிக்கொண்டிருப்பதா என்று சமூக யதார்த்தவாதிகள் கேட்டார்கள். 1956இல் தோன்றிய இக்குவேட்டர் கலைச் சங்கம் அவர்களின் களம். கேள்வி சரியானது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியவர்களின் நிலக்காட்சிகளைவிடப் பாலி சென்றவர்களின் கோடே பின்வந்தோரிடம் நிலைத்தது.

பாலி சென்றவர்களையும் அவர்கள் தலைமுறை ஓவியர்களையும் ஒரு வரலாறாக வாசித்துக் காட்டியதில் தமிழர் ஒருவரின் பங்கு பெரிது. கலை வரலாற்றாசிரியர் டி.கே. சபாபதி, மலேசியக் கலைஞர் ரெட்சா பியதாசாவுடன் சேர்ந்து, 1979இல் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் நன்யாங் ஓவியர்களின் மீள்பார்வைக் காட்சிக்கு வழிவகுத்தார். யார், எங்கே போனார்கள், எந்த மரபுகளைக் கலந்தார்கள் என்பது அதன்பிறகே ஒழுங்கான ஆய்வுப் பொருளாயிற்று. இன்று பாடநூல்களில் சாதாரணமாக வரும் பல கருத்துகளின் மூலம் அங்கே இருக்கிறது.

1960களில் பயணம் கூட்டுப் பழக்கமாகியது. யே சி வெய் தலைமையில் ‘பத்துப்பேர் ஓவியக் குழு’ 1961இல் மலாயாவின் கிழக்குக் கரைக்குப் போனது. அடுத்தடுத்து ஜாவா, பாலி, தாய்லாந்து, கம்போடியா, போர்னியோ எனப் பயணங்கள் நீண்டன. அங்கோர் சிற்பங்களையும் போர்னியோ மக்களின் கலைப்பொருள்களையும் பார்த்த யே சி வெய்யின் வண்ணம் கருத்தது. தூரிகையை வைத்துவிட்டுத் தட்டைக்கத்தியால் வண்ணத்தை அப்பினார். அவருடைய பிற்காலப் படங்கள் கல்லில் செதுக்கியவை போலிருக்கின்றன.

நீர்வண்ணத்தில் இத்தகைய மாற்றத்தைக் காட்ட ஓங் கிம் செங் போதும். 1945இல் பிறந்து, பள்ளி எதிலும் ஓவியம் பயிலாமல் தாமே கற்றவர். 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஈரக்காற்றில் பழகிய அவர் 1970களின் இறுதியில் நேப்பாளம் போனார். மலைக்காற்றில் பூச்சு கணத்தில் காய்ந்துவிடும். வெயிலும் நிழலும் கத்தியால் அறுத்ததுபோல் பிரியும். பனிக்கு வண்ணம் ஏதும் வேண்டாம், காகிதத்தைத் தொடாமல் விட்டாலே போதும். அங்கே கற்ற அந்த வெளிச்ச நிழல் எதிர்மையைக் கடைவீட்டுச் சுவர்களுக்கும் அவர் கொண்டுவந்தார்.

பயணம் போகாமல் ஊரையே தீட்டியவர்களும் நிறையப் பேர். லிம் செங் ஹோ அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆற்றங்கரைக்குப் போய்த் தீட்டியவர். 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். தொங்கான் படகுகள் நெருக்கியடித்து நின்ற ஆறு அவர்களுக்குத் தீராத பொருள். 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் தூய்மைத் திட்டத்தில் அந்தப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. நாற்றம் போயிற்று, படமும் போயிற்று. 1986இல் தியோ எங் செங் தாம் உருவாக்கிய காகிதக்கூழ் முறையில் வலை ஒன்றைச் செய்து, அது சிங்கப்பூர் ஆறுதான் என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னார். தூரிகையே இல்லாத நிலக்காட்சி அது.

ஆறு மட்டுமன்று, கரையும் இடம் மாறியது. 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730க்கும் மேல். பீச் ரோட்டில் கடற்கரை இல்லை. பாடாங் திடலை ஒட்டியிருந்த கடல் பின்வாங்கி, 2008இல் அணைக்கதவுகள் வந்தபின் மரினா விரிகுடா நன்னீர்த் தேக்கமும் ஆகிவிட்டது. ஓவியர் ஒரே இடத்தில் நாற்பது ஆண்டு முக்காலி போட்டிருந்தால் போதும். நிலமே அவரைக் கடந்து பயணம் போய்விடும். சிங்கப்பூர் நிலக்காட்சி ஓவியத்தின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. வேறு நாடுகளில் ஓவியர் காட்சியைத் தேடிப் போகிறார். இங்கே காட்சி மறைவதற்குள் அவர் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவுக்கும் இதே கதை பொருந்தும். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் அது. தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொழுவங்கள் பெருகின. கண்டாங் கெர்பாவ், பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்களில் எருமை இன்னும் நிற்கிறது. கல்கத்தாவோடு மாட்டு வணிகம் நடத்திய பெலிலியோஸ் பெயரில் ஒரு சந்து இருக்கிறது. சதுப்பு மறைந்தது, தொழுவங்கள் போயின, கடைவீடுகள் நின்றன. அந்தப் புல்வெளியைத் தீட்டிய படங்கள் அபூர்வம். சிராங்கூன் ரோட்டைத் தீட்டிய படங்கள் ஏராளம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. 1822இல் ராஃபிள்ஸ் இட்ட விதியால் வந்த ஐந்தடிப் பாதையின் நிழல், அதன் முடிவில் பளீரென்ற தெரு, பூமாலைக் கடையின் மஞ்சளும் சிவப்பும், வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம். பச்சையோடு மல்லாடிய தூரிகைக்குச் சூடான வண்ணங்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. 1900இல் கட்டிய டான் தெங் நியா வீட்டின் இன்றைய பல வண்ணப் பூச்சோ ஓவியருக்கு வேலையே வைக்காமல் செய்துவிடுகிறது; அதைத் தீட்டும் படங்கள் பெரும்பாலும் தட்டையாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

2015 முதல் லசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய கலைநடைத் திட்டத்தில் லிட்டில் இந்தியாவுக்குச் சுவரோவியங்கள் வந்தன. யூனிஸ் லிம் தீட்டிய ‘கேட்டில்லேண்ட் 2’ மறைந்துபோன மாடுகளைச் சுவருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. இயற்கையை நேரில் பார்க்க வழியற்ற இடத்தில் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடும் முயற்சி இது.

கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றும் குமாரி நாகப்பன் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறார். விதைகளும் காய்களும் அவருடைய பொருள். தேசிய அரும்பொருளகத்தில் மிளகாய், சாங்கி விமான நிலையத்தில் சாகா விதை, ஆர்ச்சர்ட் ரோட்டில் அயன் வளாகத்தின் முன் வெண்கலச் சாதிக்காய். 2009இல் அமைந்த அந்தச் சாதிக்காய் நிற்கும் சாலையின் பெயரே பழைய சாதிக்காய், மிளகுத் தோட்டங்களால் வந்தது. நோய் தாக்கிச் சாதிக்காய்த் தோட்டங்கள் 1850களில் அழிந்தன. ஒரு தோட்டத்தை முழுதாகத் தீட்டாமல் அதன் ஒரே காயை ஆளுயரத்துக்கு மேல் பெருக்கி வைத்தால் அது நிலக்காட்சியாகுமா என்று ஓவிய நூல்களின் வகைப்பாடு தயங்கலாம். திணைக்குக் கருப்பொருளைச் சொல்லி நிலத்தை உணர்த்திய மரபில் வந்தவர்களுக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

வெளியில் அமர்ந்து வரையும் பழக்கத்தை இன்று பெரிதும் தாங்கி நிற்பவர்கள் நகர வரைவாளர்கள். உலகளாவிய அந்த அமைப்பின் சிங்கப்பூர்க் குழு 2009இல் உருவாயிற்று. 2015இல் அதன் அனைத்துலக மாநாடும் இங்கே நடந்தது. மாணவர், ஓய்வுபெற்றோர், கட்டடக்கலைஞர், குடும்பத்தலைவியர் எனப் பலரும் மைப்பேனாவும் சிறு வண்ணப்பெட்டியுமாக லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கும் கம்போங் கிளாமுக்கும் வருகிறார்கள். மை முதலில், வண்ணம் பிறகு என்பது அவர்களின் பொதுவான முறை. ஈரக்காற்றில் காயாத பூச்சோடு எழுந்துபோக வேண்டியிருப்பதால் கோடே படத்தைத் தாங்குகிறது. கையேட்டின் ஓரத்தில் இடத்தின் பெயரையும் நாளையும் எழுதிவைப்பது அவர்களின் வழக்கம். மாறும் ஊரில் அந்தக் குறிப்பு இல்லாத படத்தை ஐந்தாண்டு கழித்து எந்தத் தெரு என்று சொல்வது கடினம்.